லாரியில் ஏறிய சாமான்கள்

(பண்டார் தெங்காராவில் அறநிதியின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அந்தக் காலத்துச் சாமான்களைப் போல இந்தக் காலத்துச் சாமான்கள் உழைக்கின்றனவா?" என்ற தலைப்பைச் செயலாளர் எனக்குக் காரணத்தோடுதான் கொடுத்திருக்கிறார். அன்னதானக் கூடத்தில் இருக்கும் பெரிய கிரைண்டரைப் பழுது பார்த்து வைத்துக்கொள்வதா, அல்லது புதியது வாங்குவதா என்று நிர்வாகக் குழுவில் மூன்று கூட்டமாக வாக்குவாதம் நடந்து வருகிறது. செம்பனை ஆலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிட்டராக வேலை செய்தவன் என்பதால் என் வாயிலிருந்து தீர்ப்பு வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். செலவாகப் போவது உண்டியலில் பக்தர்கள் போட்ட பணம். ஆகவே மேடைக்காகப் பேசாமல் உள்ளதைச் சொல்கிறேன்.

நம் ஊரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. 1972-இல் கெஜோரா என்னும் ஜோகூர் தெங்காரா மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்ட பிறகு, காட்டைத் திருத்திச் செம்பனை நட்டு எழுப்பிய ஊர் இது. இங்கே நம்மவர் பலர் வேறு தோட்டங்களிலிருந்து மூட்டை முடிச்சுகளுடன் வந்து சேர்ந்தவர்கள். எங்கள் குடும்பமும் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்திலிருந்து லாரியில் வந்ததுதான். அந்த லாரியில் ஏறியவை இன்னும் என் கண்ணில் நிற்கின்றன: அம்மாவின் சிங்கர் தையல் மெஷின், பாட்டியின் குத்துவிளக்கு, ஒரு பித்தளை அண்டா, ஆட்டுக்கல், அப்பாவின் சைக்கிள். இவற்றில் நான்கு இன்றும் என் வீட்டில் இருக்கின்றன. பேரப்பிள்ளைகளிடம் இவற்றைக் காட்டி, "பார், அந்தக் காலத்துச் சரக்கு!" என்று நானும் பெருமையடித்தவன்தான்.

ஆனால் லாரியில் ஏறாதவை எவை என்று ஒருநாள் யோசித்துப் பார்த்தேன். பேட்டரி கசிந்து துருப்பிடித்த டார்ச் விளக்குகள், எனாமல் உதிர்ந்த தட்டுகள், இரண்டு மழைக்கு விரிந்துபோன சப்பாத்துகள், வால்வு எரிந்துபோன ரேடியோ, கம்பி முறிந்த குடைகள். எல்லாம் அதே காலத்துச் சாமான்கள்தாம். அவற்றை லயத்துக்குப் பின்னால் இருந்த குழியில் போட்டுவிட்டு வந்தோம். கெட்டதெல்லாம் குழிக்குப் போய், நல்லது மட்டும் கண்முன் நிற்கும்போது, பழையதெல்லாம் நல்லதாகத்தானே தோன்றும்?

விலையையும் மறந்துவிடுகிறோம். அம்மா அந்தத் தையல் மெஷினைத் தவணையில் வாங்கி, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மாதாமாதம் கட்டினார். தவணை முறையை 1850-களிலேயே கொண்டு வந்த கம்பெனி அது. ரொக்கமாகக் கொடுத்து வாங்க முடியாத விலை என்பதால்தான் அப்படி ஒரு முறை தேவைப்பட்டது. இன்று அத்தனை மாதச் சேமிப்பைக் கொடுத்தால் தொழிற்சாலைத் தையல் மெஷினே கிடைக்கும். அதுவும் நம் ஆயுள் முழுவதும் உழைக்கும். நாமோ பாசார் மாலாமில் கிடைக்கும் விலைக்கு ஒன்றை வாங்கிவிட்டு, அதை அம்மாவின் மெஷினோடு ஒப்பிட்டுப் பேசுகிறோம்.

இன்னொன்று. பித்தளை அண்டா நாற்பது ஆண்டு உழைத்தது என்கிறோம். அது தானாக உழைக்கவில்லை. ஈயம் பூசுகிறவர் தோட்டத்துக்கு வருவார். உள்பக்கம் ஈயம் தேய்ந்து போனால் புளிக்குழம்பு களிம்பேறிவிடும் என்று பாட்டி காத்திருந்து பூசச் சொல்வார். ஆட்டுக்கல்லும் அம்மியும் வழவழத்தால் கொத்திக் கொடுக்க ஆள் வருவார். கத்திக்குச் சாணை பிடிக்க ஒருவர். இன்றைய சாமானுக்கு அப்படி எந்தக் கையும் படுவதில்லை. (என் மருமகள் வாங்கிய மின்விசிறிக்கு வாங்கிய நாள் முதல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டதில்லை. "நின்றுபோச்சு மாமா" என்று மட்டும் சொல்கிறாள்.)

அதற்காகத் தயாரிப்பாளர்களை நான் முழுவதும் விட்டுவிடவில்லை. 1924-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜெனீவாவில் உலகத்துப் பெரிய மின்விளக்குக் கம்பெனிகள் கூடி ஃபீபஸ் என்ற பெயரில் ஒரு கூட்டணி அமைத்தன. அதுவரை 1,500 மணி நேரத்துக்கும் மேல் எரிந்துகொண்டிருந்த குண்டு விளக்குகளை 1,000 மணி நேரத்துக்குக் குறைப்பதென்று முடிவு செய்து, அதற்கு மேல் எரியும் விளக்கைத் தயாரித்த கம்பெனிக்கு அபராதமும் போட்டார்கள். அதிக நேரம் எரிந்தால் அபராதம்! இது கட்டுக்கதை அல்ல, பதிவில் உள்ள சங்கதி. ஆனால் அதற்கும் மறுபக்கம் உண்டு. இழை நீண்ட நாள் எரிய வேண்டுமானால் மங்கலாக எரிய வேண்டும்; அதே மின்சாரத்துக்கு வெளிச்சம் குறையும். கலிபோர்னியாவில் லிவர்மோர் என்ற ஊரின் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் ஒரு விளக்கு எரிந்து வருகிறது. அதைப் போற்றாதவர் இல்லை. அது இன்று தருகிற வெளிச்சம் ஏறக்குறைய 4 வாட். அந்த வெளிச்சத்தில் நீங்கள் பஞ்சாங்கம் படிக்க முடியாது.

ஐஸ் பெட்டியும் அப்படித்தான். முப்பது ஆண்டு ஓடிய பெட்டி என்று மெச்சுகிறோம். 1970-களின் நடுவில் அமெரிக்காவில் விற்ற ஒரு ஐஸ் பெட்டி ஆண்டுக்குச் சுமார் 1,800 யூனிட் மின்சாரம் குடித்தது. இந்த நூற்றாண்டுத் தொடக்கத்தில் அதைவிடப் பெரிய பெட்டி சுமார் 500 யூனிட்டில் ஓடியது. பழைய பெட்டிகளுக்குள் இருந்த வாயு ஓசோன் படலத்தை அரிப்பது என்று கண்டறிந்து, 1987-இல் மொண்ட்ரியால் உடன்படிக்கை போட்டு அதை நிறுத்த வேண்டியதாயிற்று.

"எல்லாம் சீனா சாமான்" என்று இன்று உதட்டைப் பிதுக்குகிறோமே, என் சிறுவயதில் அதே உதட்டுப் பிதுக்கல் ஜப்பான் சாமானுக்குத்தான் கிடைத்தது. 1950-இல் டெமிங் என்ற அமெரிக்கர் ஜப்பானுக்குப் போய், கெட்டுப்போனதைக் கடைசியில் பொறுக்கி எறிவதைவிட, கெடாமல் செய்யும் முறையைக் கற்றுக்கொடுத்தார். அடுத்த ஆண்டே அவர் பெயரில் பரிசு நிறுவினார்கள். 1982-இல் நம் பிரதமர் கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்தபோது, ஜப்பானைப் பார்த்துக் கற்கச் சொல்லும் நிலை வந்துவிட்டது. ஆக, சாமானின் தரத்தை எந்த நாடு என்பதைக் கொண்டோ, எந்தக் காலம் என்பதைக் கொண்டோ முடிவு கட்ட முடியாது. அதைப் புரட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

புரட்டிப் பார்ப்பதிலும் ஏமாற்றம் உண்டு. ஆலயத்துக்கு உபயமாக வரும் பாத்திரங்களைக் காந்தம் வைத்துச் சோதிக்கிறார்கள். ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்கிறார்கள். தவறு. 304 என்ற நல்ல ரகத்தில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். நிக்கல் விலை அதிகம் என்று அதைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த ரகங்கள் வந்துள்ளன. அவற்றிலும் காந்தம் ஒட்டாது. ஆனால் உப்பும் புளியும் பட்டால் சீக்கிரம் புள்ளி விழும். இப்படி ஒரு சாம்பார் அண்டா இரண்டு திருவிழாவில் அடிப்பக்கம் துருவேறிப் போனதைப் பார்த்தோம். குத்துவிளக்குக்கு மட்டும் காந்தம் ஓரளவு உதவும்: பித்தளை முலாம் பூசிய இரும்பாக இருந்தால் கவ்விக்கொள்ளும். உபயம் செய்ய விரும்புவோர் வாங்குவதற்கு முன் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

இனி கிரைண்டருக்கு வருகிறேன். மின்சாரத்தில் ஓடும் இந்த மாவரைக்கும் யந்திரத்தை 1955-இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் உருவாக்கினார். கல்லைச் சுழல வைத்து, குழவியை அதில் உருட்டும் அந்த ஏற்பாடு நம் தாய்மாரின் தோளைக் காப்பாற்றியது. நம் கூடத்தில் இருப்பது அந்தப் பழைய வகை: கருங்கல், இரும்புச் சட்டம், தனி மோட்டார், பெல்ட். எதையும் ஸ்பானர் வைத்துக் கழற்றலாம். புதிய மேசைக் கிரைண்டர் வீட்டுக்கு மிகவும் நல்லது. ஆனால் தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்று அதன் குறிப்பேட்டில் அச்சிட்டிருப்பார்கள். தைப்பூசத்துக்கு முதல்நாள் இரவு முழுதும் அதில் அரைத்துவிட்டு, எரிந்தபின் கம்பெனியைத் திட்டுவது நியாயமாகாது.

அப்படியானால் பழையதே உத்தமம் என்று சொல்ல வருகிறேன் என்று சிலர் முகத்தில் புன்னகை தெரிகிறது. பொறுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு தோட்டத்தில், இதே போன்ற ஒரு கிரைண்டரை விசேஷச் சமையலுக்கு நான்தான் பொருத்திக் கொடுத்தேன். இரும்பு உடம்பு. இரண்டு முனைச் செருகி. எர்த் கம்பி கிடையாது. "அசல் சரக்கு, எதுவும் ஆகாது" என்று சொன்னவன் நான். உளுந்து அரைக்கும்போது தரையெல்லாம் தண்ணீர். என் அத்தை வெறுங்காலோடு மாவை வழிக்கக் கைவைத்தார், கை ஒட்டிக்கொண்டது. அவருக்குக் குரல் வரவில்லை. பக்கத்தில் இருந்த பையன் கட்டைத் துடைப்பத்தால் கையைத் தட்டிவிட்டிராவிட்டால் அத்தை அன்றே போயிருப்பார். மோட்டாருக்குள் பழைய ரப்பர் உறை வெடித்து உதிர்ந்து, கம்பி சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அத்தை பிறகு இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. வலது கை விரல்கள் மடங்காமல் சாப்பிடுவதை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த யந்திரம் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் ஓடியது. உறுதியான யந்திரம்தான்.

இன்றைய விசிறியும் மோட்டாரும் திடீரென்று நின்றுவிட்டால், பல நேரம் உள்ளே இருக்கும் சிறிய வெப்ப உருகி அறுந்திருக்கும். தீப்பிடிப்பதற்கு முன் தன்னைத்தானே பலி கொடுக்க வைத்தது அது. செம்பனை ஆலையிலும் கன்வேயரில் ஒரு மெல்லிய ஊசியை வைத்திருப்போம். சிக்கல் வந்தால் ஊசி உடையும், கியர்பாக்ஸ் பிழைக்கும். உடைகிறதெல்லாம் மட்டமான வேலை அல்ல. மட்டம் எதுவென்றால், அந்தச் சிறு உருகியை மாற்ற முடியாதபடி உறையை ஒட்டி மூடிவிடுவது. அதை நான் மன்னிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் சலவை யந்திரம், ஐஸ் பெட்டி போன்றவற்றுக்குப் பல ஆண்டுகள் உதிரிப்பாகம் கிடைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியுள்ளது. நம் நாட்டிலும் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வீட்டுக்கு வாங்கிய பொருள் நியாயமான காலம் உழைக்காவிட்டால், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் வைக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதைத் தொலைத்துவிட்டு என்னிடம் வருகிறவர்களே அதிகம்.

ஆகவே குழுவுக்கு என் பதில் இது. கல்லும் சட்டமும் இருக்கட்டும்; அவற்றுக்கு ஈடானதை இன்று வாங்கப் போனால் நிதி தாங்காது. மோட்டார், கம்பி, சுவிட்ச் மூன்றையும் எடுத்தெறிய வேண்டும். செம்புக் கம்பி சுற்றிய புதிய மோட்டார், மூன்று முனைச் செருகி, சட்டத்துக்கு எர்த் இவையெல்லாம் வேண்டும். ஈரத்தரை உள்ள இடத்தில் 10 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் இ.எல்.சி.பி. வேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்கு விதிகளில் உள்ளது. உரிமம் பெற்ற மின்பணியாளர் கையெழுத்திடாமல் அதில் யாரும் மாவரைக்கக் கூடாது. நான் செய்து கொடுத்தாலும் சரி.

கல் வழவழத்துப் போயிருக்கிறது, கொத்த வேண்டும். இந்த வட்டாரத்தில் கொத்தத் தெரிந்தவர் இப்போது யாரும் இல்லை. உளி பிடித்து எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு, ஆனால் கை நடுங்குகிறது. வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கூடத்தின் பின்புறம் அதைப் பிரிக்கப் போகிறேன். நான்கு இளைஞர்கள் வந்தால் போதும். பழைய துணியும் கண்ணாடியும் கொண்டு வாருங்கள், கல் சில்லு கண்ணில் தெறிக்கும்.