மலையிறங்கி ஒரு மகாலுக்கு

இடுக்கியின் ஏலத் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களுக்குத் தாயகத்தின் தலைவாயில் போடிமெட்டு. அங்கிருந்து கொண்டையூசி வளைவுகள் பல கடந்து இறங்கினால் போடிநாயக்கனூர். 2010ஆம் ஆண்டின் இறுதியில் நின்றுபோன ரயில், அகலப் பாதையாகி, 2023 ஜூன் முதல் அவ்வூரையும் மதுரையையும் மீண்டும் இணைக்கிறது. விடுமுறைக்கு ஊர் செல்வோர் அன்னை மீனாட்சியைத் தரிசித்துத் திரும்புகின்றனர். கோயிலுக்குத் தென்கிழக்கே சிறிது தொலைவு நடந்தால் திருமலை நாயக்கர் மகாலையும் காணலாம்.

1636இல் எழுந்தது இம் மாளிகை. உள்ளே நுழைந்ததும் பரந்த முற்றம்; அதைச் சூழ்ந்து பருத்த தூண்களின் வரிசை. அவற்றை இணைக்கும் வளைவுகளிலே சுதை வேலை மிளிர்கிறது. அப்பால் அரசர் கொலுவிருந்த சொர்க்க விலாசம். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய அதன் குவிமாடத்தை அண்ணாந்து நோக்குவோர் பேச்சற்று நிற்பர்.

ஆயினும் இன்று நிற்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதியே. அதைக் குலைத்தவர் அயலார் அல்லர். திருமலை மன்னரின் பேரர் சொக்கநாதர், திருச்சிராப்பள்ளியில் தமக்கு மாளிகை அமைக்க இதன் பகுதிகளைப் பெயர்த்துச் சென்றார் என்பர். எஞ்சிய தூண்கள் சில, இன்றும் பத்துத் தூண் சந்திலே துணிக்கடைகளுக்கு நடுவே நிற்கின்றன.

வியட்நாம் நாட்டின் ஹுவே நகரிலும் ஓர் அரண்மனை உண்டு. 1802 முதல் 1945 வரை நுயென் மரபினர் அங்கிருந்து ஆண்டனர். 1968ஆம் ஆண்டுப் போரில் அது பெரிதும் சேதமுற்றது. எஞ்சியவற்றை அந்நாட்டார் பல ஆண்டுகளாகச் செப்பனிட்டு வருகின்றனர். அரியணை மண்டபம் 2024 நவம்பரில் மீண்டும் திறக்கப்பெற்றது. மதுரை மகாலையும் அவ்வாறே ஒருவர் காத்தார். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அதனைப் பழுது பார்க்கச் செய்தார். இல்லையேல் இன்று காண்பதும் இராது.

பேரர் பெயர்த்தது போக எஞ்சிய தூண்களில் ஆணி கொண்டும் சாவி கொண்டும் தம் பெயரைக் கீறிச் செல்வோர் இன்றும் உளர். கட்டிய கொத்தர் எவரும் தம் பெயரைப் பொறித்துக் கொள்ளவில்லை. காண வந்தவருக்கு அவ்வுரிமை ஏது?

வேற்று மாநிலத்தில் வளரும் நம் குழந்தைகளுக்குத் தமிழகம் பெரும்பாலும் உறவினர் வீடும் கோயிலுமே. அவர்களை இம் முற்றத்திலும் ஒருமுறை நிறுத்துங்கள். இது நமது உடைமை என்றும், நாம் காத்தாலன்றி நிலையாது என்றும் சொல்லிக் கொடுங்கள்.