தேயும் பிறைக்கும் திருமுடியில் இடம்

திருச்சிற்றம்பலம்.

 

ஓசூர் மலைமேல் மரகதாம்பிகையுடன் எழுந்தருளி அருள்புரியும் சந்திரசூடேசுவரப் பெருமானின் திருவடிகளைச் சிந்தித்து, 'நாள்தோறும் இறைவனை நாடுதல்' என்னும் பொருள் குறித்துச் சில சொல்ல முற்படுகின்றேன்.

தேர்த் திருவிழாக் காலத்தில் இம்மலையையும் இதன் அடிவாரத்தையும் காண்பவர் வியப்படைவர். தமிழ் பேசுவோர் ஒருபுறம், தெலுங்கு பேசுவோர் ஒருபுறம், கன்னடம் பேசுவோர் ஒருபுறம். மூன்று மொழியாரும் ஒரே வடத்தைப் பற்றி இழுக்கின்றனர். ஆனால் தேர் நிலைக்கு வந்து, கொடியும் இறங்கிய பின்னர் என்ன நிகழ்கிறது? கூட்டம் கலைகிறது. படிகள் வெறிச்சோடுகின்றன. ஆண்டுக்கு ஒரு நாள் வடம் பற்றிய கைகள், எஞ்சிய 364 நாட்களும் எதைப் பற்றிக்கொண்டு வாழ்கின்றன? இதுவே நாம் ஆராய வேண்டிய வினா.

'ஓசூர்' என்பது கன்னடத்தில் 'புதிய ஊர்' என்று பொருள்படும் சொல். அப்பெயருக்கு ஏற்ப இவ்வூர் நம் காலத்தில் முற்றிலும் புதியதோர் ஊராக மாறிவிட்டது. 1971-இல் சிப்காட் நிறுவனம் தோன்றி, அப்பத்தாண்டிலேயே இங்கே தொழிற்பேட்டை அமைந்தது. கேழ்வரகு விளைந்த நிலத்தில் லாரியும் மோட்டார் சைக்கிளும் கடிகாரமும் விளையலாயின. 2004-இல் கிருட்டிணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019-இல் ஓசூர் மாநகராட்சியும் ஆயிற்று. ஊர் வளர்ந்தது, ஊருக்குள் வாழும் மனிதனின் நெஞ்சில் அமைதி வளர்ந்ததா?

ஒருமுறை சொற்பொழிவு முடிந்ததும் தொழிற்சாலையில் பணிபுரியும் அன்பர் ஒருவர் என்னை அணுகினார். "ஐயா, ஒரு வாரம் பகல் ஷிப்டு, மறு வாரம் இரவு ஷிப்டு. ஊரெல்லாம் விளக்கேற்றும் வேளையில் நான் வேலைக்குப் புறப்படுகிறேன். கோயில் மணி அடிக்கும் வேளையில் வீடு வந்து படுக்கிறேன். நாளும் இறைவனை நாடு என்கிறீர்களே, எந்தப் பொழுதில் நாடுவது?" என்றார். சற்று நின்று, குரலைத் தாழ்த்தி, "நாடிய நாட்களிலும் துன்பம் தீரவில்லையே, ஐயா" என்றார். முதல் வினா பொழுதைப் பற்றியது. இரண்டாவது வினா நம்பிக்கையைப் பற்றியது. இரண்டுக்கும் நம் சமயம் விடை வைத்திருக்கின்றது.

முதல் வினாவை எடுத்துக்கொள்வோம். இறைவனை நாடுதற்கு ஓய்வும் வசதியும் வேண்டும் என்று யார் சொன்னார்? சேக்கிழார் பெருமான் காட்டும் அறுபத்துமூவரை நினைத்துப் பாருங்கள். திருநீலகண்டர் குயவர். திருக்குறிப்புத் தொண்டர் துணி வெளுப்பவர். நேசர் நெசவு செய்பவர். இவர்கள் தொழிலை விட்டுவிட்டுத் தொண்டு செய்தவர் அல்லர், தொழிலையே தொண்டாக்கியவர்கள். நமக்கு அண்டையில் உள்ள கன்னட நாட்டிலும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் பசவண்ணரும் அவரைச் சூழ்ந்த சிவசரணரும் உழைப்பையே வழிபாடாகக் கொள்ளும் நெறியைப் பரப்பினர்.

சாக்கிய நாயனாரின் வரலாறு இங்கு மிகவும் பொருந்தும். அவர் காஞ்சியில் வாழ்ந்தவர். புத்த சமயத்தைச் சார்ந்திருந்தபோது சிவமே மெய்ப்பொருள் என்று தெளிந்தார்; ஆயினும் புற வேடத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சிவலிங்கத்தைக் கண்டு வணங்கிய பின்னரே உண்பது என்று உறுதி பூண்டார். ஒருநாள் வெட்டவெளியில் ஒரு சிவலிங்கத்தைக் கண்டார். அன்பின் பெருக்கினால் தாம் செய்வது இன்னதென்று அறியாமல், அருகே கிடந்த கல் ஒன்றை எடுத்து மலரெனக் கருதி எறிந்தார். மறுநாள் அதனை எண்ணிப் பார்த்தவர், அதுவும் இறைவன் உணர்த்தியதே என்று தெளிந்து, அதனையே நாள்தோறும் செய்யும் பூசையாகக் கொண்டார். பின்னர் ஒருநாள் மறந்து உணவு உண்ண அமர்ந்தார். நினைவு வந்தது. உண்கலத்தை விட்டு எழுந்து ஓடினார். கல்லை எடுத்து எறிந்தார். அன்றே இறைவன் காட்சி தந்தான்.

இறைவன் எதை ஏற்றுக்கொண்டான்? கல்லையா? அன்று. பசித்து அமர்ந்தவரை எழுந்து ஓடச் செய்ததே, அந்த விடாப்பிடியான அன்பை ஏற்றான். மலரும் இல்லை, மந்திரமும் இல்லை, அதற்கென வகுத்த பொழுதும் இல்லை. ஒரு நாளும் விடாமை ஒன்றே இருந்தது. ஆதலின், இரவு ஷிப்டு முடிந்து விடியலில் வீடு திரும்பும் அன்பருக்கு அதுவே காலைப் பூசை நேரம். மாலையில் துயில் எழுபவர்க்கு அதுவே வைகறை. ஆண்டவனுக்கு எந்த ஷிப்டும் விடுமுறை இல்லை.

நாள்தோறும் என்று வற்புறுத்துவது ஏன் என்று கேட்கலாம். செம்பில் களிம்பு போல உயிரை ஆணவ மலம் பற்றியிருக்கிறது என்பது சைவ சித்தாந்தம் கூறும் உவமை. களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியது அன்று, செம்போடு உடன்தோன்றியது. அதனை அடியோடு நீக்குவது இறைவனின் அருள் ஒன்றே. ஆயினும் வீட்டில் தாய்மார்கள், பச்சை ஏறுகிறதே என்று செம்புப் பாத்திரத்தைத் துலக்காமல் விடுகிறார்களா? புளியிட்டு நாள்தோறும் துலக்குகிறார்கள் அன்றோ? எந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளரும் இதனை அறிவர். ஆண்டுக்கு ஒருநாள் ஆயுத பூசையில் பொட்டிட்டு மாலை சூட்டிவிட்டு, மற்ற நாட்களில் எண்ணெய் இடாமல் விட்டால் எந்த எந்திரம் ஓடும்? துலக்குவது நம் கடமை. களிம்பை நீக்குவது அவன் கருணை. நாள்தோறும் துலக்கப்பெறும் உள்ளத்தில் சினம் வந்தாலும் தங்குவதில்லை. அச்சம் வந்தாலும் ஆள்வதில்லை. வலிமை என்பதும் அமைதி என்பதும் இதுவே.

இனி இரண்டாவது வினா. நாடியும் துன்பம் தீரவில்லை என்றால் நாடுவதன் பயன் யாது? இதற்கு விடையை இம்மலைமேல் உள்ள பெருமான் தம் பெயரிலேயே வைத்திருக்கிறார். 'சந்திரசூடர்' என்றால் சந்திரனை முடியில் சூடியவர் என்பது பொருள்.

தக்கன் தன் புதல்வியர் இருபத்தெழுவரைச் சந்திரனுக்கு மணம் செய்து தந்தான். சந்திரனோ உரோகிணியிடத்தில் மட்டும் அன்பு மிகுந்து ஏனையோரைப் புறக்கணித்தான். தக்கன் சபித்தான். நாளுக்கு ஒரு கலையாகச் சந்திரன் தேய்ந்தான். எஞ்சிய சிறு கீற்றோடு அவன் சிவபெருமானைச் சரண் புகுந்தான். பெருமான் அக்கீற்றை எடுத்துத் தம் திருமுடியில் அணிந்தார்.

அன்பர்களே, இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். சாபம் முற்றும் ஒழிந்ததா? இல்லை. இன்றும் நிலவு ஒரு பட்சம் வளர்கிறது. மறு பட்சம் தேய்கிறது. பெருமான் தேய்வை நீக்கவில்லை. தேய்ந்தவனுக்கு இடம் தந்தார். முழுமதியாக விளங்கிய நாளில் அவனுக்குக் கிட்டாத பேறு, கீற்றாகிவிட்ட நாளில் கிட்டியது. அதுவும் தவறு செய்தவனுக்குக் கிட்டியது. அந்த இடம் கிடைத்த பின்னர் அவன் தேய்ந்தாலும் அழிவதில்லை. நம் வாழ்விலும் வேலை தேயலாம், உடல்நலம் தேயலாம், கையிருப்பு தேயலாம். தேய்வே வாராமல் காப்பான் என்று எண்ணி வழிபட்டால் ஏமாற்றமே மிஞ்சும். தேய்ந்த நாளிலும் நமக்கு அவனிடத்தில் இடம் உண்டு என்று தெளிந்து வழிபட்டால், அத்தெளிவே ஊன்றுகோலாக நின்று தாங்கும்.

நாகையில் பரதவர் தலைவராக விளங்கிய அதிபத்த நாயனார், நாள்தோறும் பிடிபடும் மீன்களில் தலைமீன் ஒன்றைச் சிவனுக்கு என்று கடலில் விடுவார். ஒரே ஒரு மீன் அகப்பட்ட நாட்களும் வந்தன. சுற்றத்தார் பசியால் வாடினர். அந்த ஒன்றையும் அவர் இறைவனுக்கே விட்டார். வறுமை ஒரே நாளில் நீங்கிவிடவில்லை. நாள் பல சென்றன. இறுதியில் மணிகள் இழைத்த பொன்மீன் ஒன்று வலையில் வந்தபோதும் அவர் அதனையும் கடலில் விட்டார். வறுமை அவரைச் சுருக்கவில்லை. செல்வம் அவரை மயக்கவில்லை.

திருவொற்றியூர்க் கலிய நாயனார் வரலாறு இன்னும் நெருக்கமானது. செக்குத் தொழிலில் செல்வராக இருந்து, கோயில் விளக்குகளுக்கு எண்ணெய் அளித்து வந்தார். செல்வம் போயிற்று. பிறரிடம் கூலிக்கு வேலை செய்து விளக்கேற்றினார். அவ்வேலைக்கு ஆள் மிகுந்தமையால் கூலியும் கிட்டாமற் போயிற்று. இது தொழிற்பேட்டையில் வாழும் நமக்குப் புதிய கதையா? ஒப்பந்தம் முடிந்தது, நாளை முதல் வரவேண்டா என்று கேட்டவர் இந்த அவையிலும் இருப்பர். விற்க ஒன்றும் இல்லாத நிலையில் கலியர், எண்ணெய்க்கு மாற்றாகத் தம் குருதியையே வார்க்கத் துணிந்து கழுத்தை அரியத் தொடங்கினார். அப்போது இறைவன் தன் திருக்கரத்தால் அவர் கையைப் பற்றித் தடுத்தான்.

அந்தக் கருவியை ஏந்திய கையை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. அதனைப் பற்றித் தடுத்த கையை நினைவில் கொள்ள வேண்டும். கடனும் வேலையின்மையும் நெருக்கும்போது உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்று எண்ணுவோர் உண்டு. குடியில் மூழ்கி அணு அணுவாக மாய்வோரும் உண்டு. அவர்கட்கெல்லாம் சொல்கிறேன்: தனக்கு விளக்கு எரிய வேண்டும் என்பதற்காகவும் ஓர் அடியவன் உயிர்விடுவதை இறைவன் பொறுக்கவில்லை. கடனுக்காக நீ உயிர்விடுவதை அவன் பொறுப்பானா? தடுக்கும் அவனது கை சில வேளைகளில் மனைவியின் கையாக வரும். உடன் வேலை செய்யும் தோழனின் கையாக வரும். அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அருகில் ஒருவன் வாடி இருந்தால் நீங்களே அந்தக் கையாக ஆகுங்கள். அதுவும் சிவபூசையே.

இனி நாம் செய்ய வேண்டியது அரிதன்று. எப்பொழுது துயில் எழுந்தாலும் நீராடித் திருநீறு அணிந்து, திருவைந்தெழுத்தைச் சிந்தியுங்கள். வேலைக்குச் செல்லும் வழியில் மலை கண்ணில் பட்டால் பஸ்ஸில் இருந்தபடியே கை குவியுங்கள். எந்திரத்தைத் தொடுமுன் ஒருகணம் அவனை நினையுங்கள். வீட்டில் ஒரு விளக்கு நாள்தோறும் எரியட்டும். நீங்கள் இல்லாத வேளையில் குழந்தைகள் அதனை ஏற்றட்டும். உறங்குமுன், அன்றைய நன்மை தீமை இரண்டையும் அவன் திருவடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடுங்கள். ஒருநாள் தவறினால் சாக்கியரை நினைத்து எழுந்து ஓடுங்கள். தவறிவிட்டதே என்று நின்றுவிடாதீர்கள்.

இங்ஙனம் நாளும் நாடி, உள்ள வலிமையும் அமைதியும் பெற்று, இவ்வெல்லைப் பகுதியில் வாழும் மும்மொழி மக்களும் ஒரு குடும்பமாக வாழ மரகதாம்பிகை உடனாய சந்திரசூடேசுவரப் பெருமான் திருவருள் புரிவாராக. 

திருச்சிற்றம்பலம்.