அந்த மூட்டை யாரோடது, அப்பத்தா?

எங்க அப்பத்தாவுக்கு ஆலங்குடிப் பக்கம். சின்ன வயசுல அவங்க சொன்ன கதை இது. "கதவைப் பத்திரமா பார்த்துக்கோ"ன்னு பொண்டாட்டி சொல்லிட்டுப் போக, ஒரு அசடு கதவையே கழட்டித் தூக்கிக்கிட்டு அவ பின்னாடியே கிளம்பிருவான். ராத்திரி கதவோட மரத்து மேல ஏறி உட்காருவான். திருடங்க கீழே உட்கார்ந்து நகையைப் பங்கு பிரிப்பாங்க. இவன் தூங்கி வழிய, கதவு நழுவித் திருடங்க மேல விழும். அலறிக்கிட்டு ஓடிருவாங்க. மூட்டை இவனுக்கு.

ஜெர்மனியில கிரிம் சகோதரர்கள் தொகுத்ததுலயும் ஒரு பொண்ணு இப்படிக் கதவைத் தூக்கிட்டுப் போறா. உலகக் கதைகள்ல திரும்பத் திரும்ப வர்ற சம்பவங்களுக்கு ஸ்டித் தாம்சன்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் நம்பர் போட்டு வெச்சிருக்கார். தற்செயலா பணமோ புதையலோ கிடைச்சா 'என்-630'. மரத்துலேர்ந்து திருடங்க மேல கதவு விழுந்தா 'கே-335.1.1'. எரர் கோடு மாதிரியே இருக்குல்ல?

அப்பத்தா ஊர்ப் பக்கத்துலயே நிஜமான என்-630 ஒண்ணு நடந்திருக்கு. 1898, கருக்காக்குறிச்சி. 501 ரோமானியத் தங்கக் காசுகள் புதையலா கிடைச்சுது. ஒவ்வொண்ணும் ஒரு பவுனுக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். அகஸ்டஸ்லேர்ந்து வெஸ்பாசியன் வரைக்கும் பேரரசர்களோட முகம். அதுல பெரும்பாலான முகத்துக்குக் குறுக்கே உளியால வெட்டு! இனிமே இது காசாகச் செல்லாது, தங்கமா எடை போட்டுக்கன்னு காட்டத்தான் வெட்டினாங்கங்கிறது ஆய்வாளர்கள் சொல்ற ஒரு காரணம்.

எனக்கு அந்த வெட்டுதான் உறுத்துது. பெரும்பாலான காசை ஒவ்வொண்ணா கையில எடுத்து, வெட்டி, எல்லாத்தையும் சேர்த்து வெச்சு, புதைச்சிருக்காங்க. 501 தங்கக் காசை யாரும் மறந்துட்டுப் போக மாட்டாங்க. திரும்பி வர முடியாமப் போயிருக்கும். நமக்குப் புதையல், அவங்களுக்கு?

போன மாசம் என் அக்கவுண்ட்ல திடீர்னு 14,000 ரூபாய் விழுந்துச்சு. யாருன்னே தெரியலை. உண்மையைச் சொல்றேன், முதல் ரெண்டு மணி நேரம் சந்தோஷமாத்தான் இருந்தேன். ஹெட்ஃபோன்கூடக் கார்ட்ல போட்டாச்சு. அப்புறம் ஒரு அம்மா போன் பண்ணாங்க: "தம்பி, ஒரு நம்பர் மாத்திப் போட்டுட்டேன்பா, புள்ளையோட ஃபீஸ்."

பேங்க்ல சொல்லி, அவங்க வழியாவே திருப்பி அனுப்பினேன். நீங்களும் அப்படியே பண்ணுங்க, கேட்டவங்களுக்கு நேரா அனுப்பாதீங்க, இதை வெச்சு மோசடியும் நடக்குது.

அன்னைக்கு ராத்திரிதான் ஞாபகம் வந்துச்சு, சின்ன வயசுல நான் கேட்டிருக்கேன்: "அப்பத்தா, அந்த மூட்டையில இருந்தது யார் வீட்டு நகை?" அவங்க, "கதை முடிஞ்சிருச்சு, படுறா"ன்னுட்டாங்க.

ஹெட்ஃபோன் இன்னும் கார்ட்லதான் கிடக்கு.