காணியைப் பங்கிடுமுன்
(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஊருக்குத் திரும்பியதும் வேலியையும் கிணற்றையும் பார்க்கிறோம். அடுத்து எழும் கேள்வி, "இதில் ஆருக்கு எவ்வளவு?" என்பதுதான். தாய் தகப்பன் இடம்பெயர்ந்த இடத்திலேயே காலமாகியிருந்தால், இந்தக் கேள்வி சகோதரங்களைப் பகையாளிகளாக்கிவிடும்.

வடமாகாணத் தமிழரின் தேசவழமை 1707 ஆம் ஆண்டு ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்டது. அதன் வாரிசுரிமை விதிகள் 1911 இலும் 1947 இலும் சட்டமாகவும் திருத்தமாகவும் வந்தன. முதுசம் என்பது பெற்றோர் வழி வந்த சொத்து. தேடியதேட்டம் என்பது மணவாழ்க்கையில் உழைத்துத் தேடியது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். மரணசாசனம் எழுதாமல் ஒரு கமக்காரர் இறந்துவிட்டார். மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். எவருக்கும் சீதனம் கொடுக்கவில்லை. அவருடைய முதுசம் 9 பரப்புத் தோட்டம். தேடியதேட்டம் 12 பரப்பு வயல். தோட்டம் பிள்ளைகளுக்குத் தலா 3 பரப்பு. வயலில் பாதி, அதாவது 6 பரப்பு, தாய்க்கு உரியது. மீதி 6 பரப்பில் பிள்ளைக்கு 2 பரப்பு. தாயின் பாதியை எவரும் மறக்கக்கூடாது. சீதனம் பெற்ற மகள் இருந்தால் கணக்கு மாறலாம், சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

முதலில் திரும்பிய அண்ணன் பற்றையை வெட்டி, கிணற்றை இறைத்துப் பயிர் செய்கிறார் என்று வைப்போம். அதனால் மட்டும் காணி முழுவதும் அவருடையதாகாது. வெளிநாட்டிலுள்ள தங்கையின் பங்கு அப்படியே இருக்கும். ஆனால் அண்ணன் செய்த செலவையும் பேசி, எழுதி வையுங்கள்.

அனுமதிப்பத்திரக் காணி வேறு. கிளிநொச்சி, முல்லைத்தீவில் பலரிடம் இருப்பது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய காணி. அதைத் தேசவழமைப்படி பங்கிட முடியாது. பின்னுரித்தாளராக எவருடைய பெயர் பதியப்பட்டுள்ளது என்பதைப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பதிவுப் பிரதி எடுக்கலாம். வாய்ப்பேச்சில் பங்கிட்டு வேலி போடாதீர்கள். நொத்தாரிசு முன்னிலையில் உறுதி எழுதுங்கள். பிணக்கு வந்தால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உதவும்.

இந்த வாரமே குடும்பமாக இருந்து, எந்தக் காணி முதுசம், எது தேடியதேட்டம், எது அனுமதிப்பத்திரம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அம்மாவையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.