கடற்கரையிலிருந்து சிகரம் வரை

ஏலகிரியைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த நமக்கு மலை ஏறுவதைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் சுமார் 1,100 மீட்டர் உயரம். ஆனால் நாம் புறப்படும் ஜோலார்பேட்டையே 400 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அலை காலை நனைக்கிற இடத்தில் கிளம்பி, எரிமலைத் தீவு ஒன்றின் உச்சிவரை நடந்தே ஏறுவதைப் பற்றி இன்று சொல்லப்போகிறேன்.

மொரீசியஸுக்குத் தென்மேற்கே, பிரான்ஸின் பகுதியாக இருக்கிறது ரீயூனியன் தீவு. கடலடியில் எரிமலை கக்கிய குழம்பு உறைந்து உறைந்து எழுந்த நிலம். அதன் உச்சி பித்தோன் தெ நேஜ், 3,070 மீட்டர். நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். பித்தோன் தெ நேஜ் வெகுகாலமாக அடங்கிக் கிடக்கிறது. தென்கிழக்கே இருக்கும் இன்னொரு எரிமலை அடங்கவில்லை. 2007 ஏப்ரலில் அதன் வாய் முந்நூறு மீட்டருக்கு மேல் உள்ளே சரிந்தது.

பலரும் சிலாவோஸ் ஊர்ப்பக்கம் வண்டியில் போய், பாதி உயரத்தில் நடையைத் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால், கிழக்குக் கரையில் சேந்த் ஆந்த்ரேயில் தொடங்க வேண்டும். அங்கே அடிமை முறை 1848இல் ஒழிந்தது. அதன்பின் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து நம் சனங்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். அவர்கள் வம்சத்தார் நிறைந்த ஊர் அது. வீட்டில் தமிழ்ப் பேச்சு தேய்ந்துவிட்டது. காவடியும் தீமிதியும் தேயவில்லை. அவர்கள் வெட்டிய கரும்புக் காட்டைக் காலால் கடக்காமல் சிகரத்தை மட்டும் பார்த்துவிட்டு வர எனக்கு மனசு ஒப்பாது.

கரும்பு முடிந்ததும் சலாசிப் பள்ளத்தாக்கு. பாறைச் சுவரெங்கும் அருவிகள். இந்தத் தீவில் ஃபோக் ஃபோக் என்ற இடத்தில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நமக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு தேறாது.

எல்பூர் கிராமத்தைத் தாண்டினால் செங்குத்து. ஈர வேர்களைப் பிடித்து, கையூன்றி ஏற வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கும் நேயர்களுக்கு இது சட்டென்று புரியும்: எரிமலைப் பாறை அரம் மாதிரி. நாள் முழுக்க ஈரத்தில் ஊறி அதில் உரசினால், சோலும் அப்பரும் ஒட்டிய இடம்தான் முதலில் வாய் திறக்கும். ஒட்டு மட்டும் போதாது, தையலும் உள்ள ஷூவாகப் பார்த்து வாங்குங்கள்.

உச்சிக்குக் கீழே, ஏறத்தாழ 2,480 மீட்டரில் ஒரு தங்குமிடம் இருக்கிறது. இடத்துக்கு முன்பதிவு வேண்டும். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே நெற்றி விளக்கோடு கிளம்பிவிடுகிறார்கள், ஏனென்றால் வெயில் ஏறினால் மேகமும் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். மேலே மரம் கிடையாது. கருப்பும் சிவப்புமாகச் சரளைக்கல், ஜூலை ஆகஸ்டில் உறைபனி. வானம் தெளிந்திருந்தால் தீவைச் சுற்றிக் கடல் தெரியும்.

ஜனவரி முதல் மார்ச் வரை புயல் காலம், அப்போது வேண்டாம். மே முதல் நவம்பர் வரை நல்லது. ஏறுவதைவிட இறக்கம்தான் முழங்காலைப் பதம் பார்க்கும். அதற்குப் பழக ஏலகிரி சுவாமிமலை போதும்; ஏறியதும் உட்கார்ந்துவிடாமல் இறங்கி, மறுபடி ஒருமுறை ஏறிப் பாருங்கள்.