நின்றுபோன குரல்: நேயரை யார் கேட்டார்கள்?

(இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



அன்புச் சகோதரர்களே! இளைஞர்களே! கடையடைத்துவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே!

2023 ஜனவரி 27 அன்று ஒரு குரல் நின்றது. "ஹுனா லண்டன்" என்று தொடங்கும் பி.பி.சி. அரபு வானொலி அது. 85 ஆண்டுகள் ஒலித்தது. பாக்தாத்தின் தேநீர்க் கடையிலும், சூடானின் கிராமத்திலும், அகதி முகாமின் கூடாரத்திலும் கேட்ட குரல். 'எங்கள் வீட்டில் தாத்தா கேட்டார், தந்தை கேட்டார், நான் கேட்டேன்' என்று சொல்லி வருந்தியவர்கள் அரபு நாடுகள் எங்கும் உண்டு.

இந்த வானொலியை ஆங்கிலேயர்கள் அரபு மக்கள்மீது கொண்ட பாசத்தால் தொடங்கவில்லை. முசோலினியின் இத்தாலி, பாரி நகரிலிருந்து அரபு மொழியில் பிரச்சாரம் செய்துகொண்டிருந்தது. அதற்குப் பதில் சொல்லவே 1938 ஜனவரி 3 அன்று லண்டன் வாய் திறந்தது. பி.பி.சி. தொடங்கிய முதல் அந்நிய மொழிச் சேவை அதுதான்.

அந்த முதல் நாள் செய்தி என்ன தெரியுமா? பாலஸ்தீனத்தில் ஓர் அரபியர், பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றத்தின் உத்தரவுப்படி தூக்கிலிடப்பட்டார் என்பது! தன் அரசுக்குத் தலைகுனிவான செய்தியைத் தன் வாயாலேயே சொன்னது. அதிகாரிகளுக்குக் கோபம். கேட்டவர்களுக்கோ வேதனை. ஆனால், 'இவன் கசப்பானதையும் மறைக்காமல் சொல்கிறான்' என்ற எண்ணமும் அங்கேதான் பிறந்தது.

நம்பிக்கை எப்படிப் போகும் என்பதற்கும் சான்று உண்டு. 1956 சூயஸ் போரின்போது, சைப்ரஸிலிருந்து ஒலித்த 'ஷர்க் அல் அத்னா' வானொலியை பிரிட்டிஷ் அரசு எடுத்துக்கொண்டு, 'பிரிட்டனின் குரல்' என்று பெயர் மாற்றியது. அரபுப் பணியாளர்கள் வெளியேறினார்கள். அதன் பிறகு அதை யார் நம்புவார்கள்? வணிகர்களே, உங்களுக்குத் தெரியாததா? நல்ல பெயரைச் சேர்க்கப் பல ஆண்டுகள் வேண்டும். இழக்க ஒரு நாள் போதும்!

2022 செப்டம்பரில் பி.பி.சி. அறிவித்தது: ஆண்டுக்கு 2.85 கோடி பவுண்டு மிச்சப்படுத்த வேண்டும், 382 பணியிடங்கள் போகும், அரபு உட்பட 10 மொழிகளில் வானொலி நிற்கும். 'நேயர்கள் இணையத்துக்குப் போய்விட்டார்கள், விலைவாசி ஏறிவிட்டது, உரிமக் கட்டணம் உயரவில்லை' என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். கணக்குப் பார்ப்பது தவறல்ல. ஆனால் இணையம் இல்லாதவன் எங்கே போவான்? அந்தக் கணக்கில் அவனுக்கு ஒரு வரி இருந்ததா?

பதில் சொல்ல அதிக நாள் ஆகவில்லை. ஏப்ரல் 15 அன்று சூடானில் போர் வெடித்தது. மே மாதமே பி.பி.சி. சிற்றலையில் அவசர அரபு ஒலிபரப்பைத் தொடங்கியது! அக்டோபர் 27 அன்று காஸாவில் தொலைபேசியும் இணையமும் அறுந்தன. நவம்பரில் காஸா மக்களுக்காகவும் ஓர் அவசர வானொலிச் சேவை வந்தது. எதைத் தேவையில்லை என்று மூடினார்களோ, அதையே ஓராண்டு முடிவதற்குள் இரண்டு முறை திறக்க வேண்டியதாயிற்று. கைப்பேசிக்குக் கோபுரம் வேண்டும், மின்சாரம் வேண்டும். வானொலிப் பெட்டிக்கு இரண்டு பேட்டரி போதும்.

சகோதரர்களே! இது அரபு மக்களின் கதை மட்டுமல்ல. 1941இல் தொடங்கிய தமிழோசையும் 2017 ஏப்ரல் 30 அன்று சிற்றலையில் நின்றுபோனது. ஈழத்துப் போர்க்காலத்தில் அதற்காகக் காத்திருந்த காதுகள் எத்தனை!

நேயர்களால் எதுவும் செய்ய முடியாதா? முடியும். 2011இல் ஹிந்திச் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். நேயர்கள் எழுதினார்கள், எழுத்தாளர்களும் பத்திரிகையாளர்களும் குரல் கொடுத்தார்கள். மாலை ஒலிபரப்பு 2020 ஜனவரி வரை நீடித்தது. முழு வெற்றி இல்லைதான். ஆனால் 9 ஆண்டுகள் சிறிய காலமா?

பாடம் இதுதான். அடுத்தவர் வீட்டு விளக்கில் படிக்கலாம். அதை அணைக்கும் கை நம்முடையதல்ல. நீங்கள் விரும்பிக் கேட்கும் நிகழ்ச்சிக்கு, வாசிக்கும் ஏட்டுக்கு, அது உயிரோடிருக்கும்போதே ஒரு கடிதம் எழுதுங்கள். குறையிருந்தால் குறையையும் எழுதுங்கள். வணிகர்களே, சிறிய ஏடுகளுக்குச் சந்தாவையும் விளம்பரத்தையும் தானமாக நினைக்காதீர்கள். உங்கள் கடைக்குப் பூட்டு வாங்குவதுபோல் நினையுங்கள். இளைஞர்களே, செய்தி வாசிக்க மட்டுமல்ல, செய்தி சேகரிக்கவும் சரிபார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள்.

நின்றபின் வருந்துவது எளிது. நிற்காமல் காப்பதற்குத்தான் ஆள் வேண்டும்!