ஊழியக்காரியும் வழக்கறிஞரும்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



மருத்துவமனையைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். நாங்களோ இன்று ஒரு வழக்கறிஞரைப் பற்றிப் பேசப்போகிறோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1873 டிசம்பர். நியூயார்க் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் வீடு வீடாகச் சென்று ஊழியம் செய்துவந்தார் எட்டா வீலர் என்ற மெதடிஸ்ட் சபை அம்மையார். ஒரு குழந்தை வளர்ப்புத்தாயிடம் தினமும் அடிபடுவதாகக் கேள்விப்பட்டுத் தேடிப் போனார். கடுங்குளிரில் மெல்லிய உடையுடன் ஒரு சிறுமி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மேசையின்மேல் தோல்சாட்டை. மேரி எலனுக்கு அப்போது ஒன்பது வயது, பார்வைக்கு ஐந்துதான்.

அம்மையார் பல மாதம் அலைந்தார். காவல்துறை சாட்சி கேட்டது. தர்ம ஸ்தாபனங்களோ, சட்டப்படி ஒப்படைத்தால் ஏற்றுக்கொள்கிறோம் என்றன. கண்ணீரும் ஜெபமும் இருந்தன. அந்த வீட்டுக் கதவைத் திறக்க வழியில்லை.

கடைசியில், மிருகவதைத் தடுப்புச் சங்கத்தை நடத்திவந்த ஹென்றி பெர்க்கிடம் போனார். பெர்க்கின் வழக்கறிஞர் எல்பிரிட்ஜ் கெர்ரி ஆட்கொணர்வுச் சட்டத்தில் அதிகம் பயன்படாத ஒரு பிரிவைத் தேடி எடுத்தார். (மிருகவதைச் சட்டத்தால் மீட்கப்பட்டாள் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அது சரியல்ல.) 1874 ஏப்ரலில் வண்டிக் கம்பளியில் சுற்றி அவளை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். முகத்தில் கத்தரிக்கோல் காயம். தன்னை யாரும் முத்தமிட்டதாக நினைவில்லை என்று அவள் சாட்சி சொன்னாள். வளர்ப்புத்தாய்க்கு ஓராண்டு சிறை.

வேறொருவராயிருந்தால் அடுத்த வழக்குக்குப் போயிருப்பார். கெர்ரியோ குழந்தைகளுக்கென்றே ஒரு சங்கம் உருவாகக் காரணமாயிருந்தார்; 1875இல் அது சட்டப்பதிவு பெற்றது. 1879 முதல் 1901 வரை அவரே தலைவர். அவர்கள் செய்ததெல்லாம் சரியென்று சொல்லமாட்டோம். ஏழைகளின் பிள்ளைகளைப் பிரிக்க அவசரப்பட்டார்கள் என்ற குறை உண்டு. ஆனாலும் அடிபடும் பிள்ளைக்காகப் பேச நீதிமன்றத்தில் ஆள் இருந்தது.

மேரி எலனை வீலர் அம்மையாரின் தாயாரும் பிறகு தங்கையும் வளர்த்தார்கள். அவள் மணமாகிப் பிள்ளைகளைப் பெற்று, 1956இல் 92ஆம் வயதில் காலமானாள். ஒரு மகளுக்கு எட்டா என்று பெயரிட்டிருந்தாள்.

இப்போது எங்களைப் பற்றி. காயத்தைத் தைத்து, "படியில் விழுந்துவிட்டது" என்று பெரியவர்கள் சொன்னதை அப்படியே சீட்டில் எழுதி அனுப்பிய நாட்கள் உண்டு. சாட்சிக்கூண்டு ஏறவேண்டுமே என்ற பயம். குடும்பம் கலையுமே என்ற தயக்கம். 2012இல் வந்த போக்சோ சட்டம், குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால் ஆறு மாதம்வரை சிறை உண்டு. காவல்துறைக் கடிதம் கேட்டு அவசர சிகிச்சையைத் தாமதிக்கவும் கூடாது. சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்கவேண்டும்.

சட்டம் இருக்கிறது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு ஒரு பிள்ளை வரும்போது, எதை எழுதவேண்டும், யாருக்குத் தொலைபேசி செய்யவேண்டும் என்று எங்கள் இளம் மருத்துவருக்கும் நர்ஸ் அக்காமாருக்கும் சொல்லித்தர ஒருவர் தேவை. வழக்கு நடக்கும் நாளெல்லாம் அந்தத் தாயோடு நீதிமன்றத்தில் உட்காரவும் ஒருவர் தேவை. கட்டிலுக்கும் கருவிக்கும் தாராளமாய்க் கொடுத்திருக்கிறீர்கள். இவ்வாண்டு, ஒரு வழக்கறிஞரின் சம்பளத்துக்காக உங்களிடம் வந்திருக்கிறோம்.